எல்லைகள் நகர்ந்தன, சேரி நகரவில்லை

(வெண்ணந்தூரில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வெண்ணந்தூரின் வரலாறும் புவியியலும் என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி இருக்கே, இயக்கக் கூட்டத்தில் இதுக்கு என்ன வேலைன்னு பின்னால உட்கார்ந்திருக்கிற தம்பிங்க நினைக்கலாம். வேலை இருக்கிறது. ஊர் வரலாறு என்று இதுவரை எழுதப்பட்டவை எதைப் பற்றி? கோயிலை யார் கட்டினது, எந்த ராஜா வந்தான், எந்தப் பண்ணையக்காரர் மண்டபம் எழுப்பினார், எந்த வெள்ளைக்காரன் ரோடு போட்டான். கிணற்றில் இறங்கிச் சேறு வாரினவன் யாரு, தோலைப் பதப்படுத்தினவன் யாரு, களை வெட்டினவள் யாரு என்ற கேள்விக்கு அந்தப் புத்தகங்களில் ஒரு பக்கம்கூடக் கிடையாது. அதனால்தான் இந்தத் தலைப்பு நமக்கு வேணும். நம்மை விட்டுவிட்டு எழுதின ஊரை, நம்ம பக்கத்திலிருந்து ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

முதலில் புவியியல். வெண்ணந்தூர் எங்கே இருக்கிறது? நாமக்கல் மாவட்டம், ராசிபுரம் வட்டம். பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும் இதுதான். ஆனால் மாவட்ட வரைபடத்தை விரிச்சு வச்சுப் பார்த்தா, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிற ஊர். மேற்கே கொஞ்ச தூரம் போனால் ஆட்டையாம்பட்டி; முறுக்குக்குப் பேர் போன ஊர்; அது சேலம் மாவட்டம். நாமக்கல்லைவிடச் சேலம் நமக்குக் கிட்டே. பெரிய ஆஸ்பத்திரி, நூல் வியாபாரம் என்று எல்லாத்துக்கும் சேலத்துக்கே பஸ் ஏறுகிறோம். மனு கொடுக்க மட்டும் எதிர்த்திசையில் நாமக்கல் போகிறோம். பக்கத்தில் அலவாய்மலை. கிழக்கே சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலை, அத்தனூர் அம்மன் கோயில், அதுக்கும் அப்பால் போதமலை, இன்னும் தள்ளிக் கொல்லிமலை. மேற்குப் பக்கம் திருமணிமுத்தாறு. ஏற்காடு மலையில் பிறந்து, சேலம் நகரத்தின் நடுவே ஓடி, உத்தமசோழபுரம் தாண்டி, இந்தச் சமவெளியின் வழியாகத் தெற்கே இறங்கிக் காவிரியில் சேருகிற ஆறு. செம்மண் மேட்டுக் காடு. மழை குறைச்சல். மேட்டூர் அணை 1934-இல் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் தஞ்சாவூர் வரைக்கும் போகிறது, இந்தப் பக்கம் ஏறி வருவதில்லை. மேட்டூர் உபரி நீரைத் திருமணிமுத்தாற்றில் கொண்டுவந்து விடவேண்டும் என்ற கோரிக்கை பல வருசமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இந்த எல்லையோரத்து ஊர் எத்தனை எல்லைகளுக்குள் மாறிமாறி இருந்திருக்கிறது என்று பாருங்கள். கொங்கு நாட்டை 24 நாடுகளாகப் பிரித்துச் சொல்வார்கள். அதில் ராசிபுர நாடு ஒன்று. பிறகு மதுரை நாயக்கர் அதிகாரம், பாளையக்காரர்கள், பிறகு மைசூர்க்காரர்கள், ஐதர் அலி, திப்பு. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்பு தோற்றுப் பாரமகாலையும் சேலத்தையும் கும்பினிக்காரனிடம் விட்டுக்கொடுத்தார். அதிலிருந்து சேலம் ஜில்லா. சுதந்திரத்துக்குப் பிறகு 1965-இல் சேலத்தைப் பிரித்துத் தர்மபுரி. 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டம். சேலம் ஜில்லாக்காரராகப் படுத்துத் தூங்கினவர் மறுநாள் காலையில் நாமக்கல் மாவட்டத்துக்காரராக எழுந்தார். நாடாளுமன்றத்துக்கு 1977-லிருந்து ராசிபுரம் என்று ஒரு தொகுதி இருந்தது, தனித்தொகுதி. தொகுதி மறுவரையறையில் அது போய், 2009 தேர்தலில் நாமக்கல் பொதுத்தொகுதி வந்தது. நெடுஞ்சாலைக்கே நம்பர் மாறிப்போச்சு; 7 என்று இருந்தது இப்போ 44.

இத்தனை எல்லை மாறியிருக்கே, ஊருக்கும் சேரிக்கும் நடுவில இருக்கிற எல்லை எத்தனை தடவை மாறியிருக்கு? இந்தக் கேள்விக்கு உங்க ஒவ்வொருத்தர் ஊரையும் வச்சு மனசுக்குள்ள பதில் சொல்லிப் பாருங்க. நாயக்கர் காலத்தில் எங்கே இருந்ததோ, திப்பு காலத்தில் எங்கே இருந்ததோ, கலெக்டர் துரை காலத்தில் எங்கே இருந்ததோ, பெரும்பாலான ஊர்களில் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. ராஜாக்கள் சண்டை போட்டு நகர்த்தினது வரி வசூல் எல்லையை. இந்த எல்லையை நகர்த்த எந்த ராஜாவும் சண்டை போடவில்லை. இதைக் காப்பாற்றிக் கொடுத்தால்தான் ஊர் தனக்கு வரி கட்டும் என்பது எல்லா ராஜாவுக்கும் தெரிந்திருந்தது.

இந்த எல்லை மனசில்தான் இருக்கு, பழக்கத்தில்தான் இருக்கு என்று சிலர் சொல்வார்கள். இல்லை தோழர்களே, இது காகிதத்தில் இருக்கிறது, கல்லில் இருக்கிறது. 1792-க்குப் பிறகு கும்பினி சார்பில் இங்கே வந்த கர்னல் அலெக்சாண்டர் ரீடு, அவருக்குக் கீழே வேலை பார்த்த தாமஸ் மன்றோ, இவர்கள் பாரமகாலிலும் சேலத்திலும் ஒவ்வொரு வயலாக அளந்து தீர்வை கட்டினார்கள். ரயத்துவாரி முறை வளர்ந்தது இங்கேதான். அந்த வகையில் இந்தச் சமவெளி உலக வரலாற்றில் இடம்பெற்ற இடம். பாடப்புத்தகத்தில் என்ன படிக்கிறோம்? உழவனுக்கும் சர்க்காருக்கும் நடுவில் இருந்த ஜமீனை ஒழித்து, உழவன் பேரில் நேரடியாகப் பட்டா கொடுத்த முறை என்று. யார் அந்த உழவன்? தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்த பண்ணையாள் உழவனா? அவன் பேரில் பட்டா வரவில்லை. ஏரும் மாடும் காளைக் கொட்டகையும் யாருக்குச் சொந்தமோ, தீர்வை கட்ட யாரிடம் பணம் இருந்ததோ, அவர் பேரில் பட்டா வந்தது. உழைத்தவன் பேர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அதுவரை வழக்கமாக இருந்த நிலமின்மை, அளவைக்குப் பிறகு சட்டமாக ஆயிற்று. குடியிருக்கும் இடத்தையும் நத்தம் என்று தனியாகக் காட்டினார்கள். பழைய ரெவின்யூ பதிவேடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊர் நத்தம் வேறு, சேரி நத்தம் வேறு. சாதியை வெள்ளைக்காரன் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் சாதி போட்டுவைத்திருந்த கோட்டின் மேலேயே சங்கிலி பிடித்து அளந்து, சர்வே கல் நட்டு, நம்பர் கொடுத்தான்.

இப்போ தண்ணீருக்கு வருவோம். ஆற்றுப் பாசனம் இல்லாத மேட்டு நிலத்தில் வெள்ளாமை எப்படி நடந்தது? கிணறு. கிணற்றில் கவலை ஓட்டினார்கள். இரண்டு மாடு பூட்டி, சரிவில் இறங்க இறங்க, பையில் தண்ணீர் மேலே வரும். அந்தத் தோல் பை, வடம், வார் எல்லாம் யார் செய்து கொடுத்தது? அருந்ததியர். கொங்குப் பக்கம் மாதாரி என்று அழைக்கப்பட்ட நம் மக்கள். செத்த மாட்டைத் தூக்கி, தோலை உரித்து, ஆவாரம்பட்டை போட்டு ஊறவைத்துப் பதப்படுத்தி, பை தைத்து, கிழிந்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டுப்போட்டுக் கொடுத்து, விடிகாலையில் கவலை ஓட்டவும் போனவர்கள். தோல் இல்லையென்றால் கொங்கு நாட்டில் கிணற்றுத் தண்ணீர் மேலே வந்திருக்காது, கம்பும் சோளமும் ராகியும் விளைந்திருக்காது. கொங்கு விவசாயிகளின் உழைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்த உழைப்பு தண்ணீரில் நின்றது, தண்ணீர் தோலில் நின்றது. தோலைத் தொட்டவன் தீட்டு, அந்தத் தோல் பையில் வந்த தண்ணீர் மட்டும் தீட்டில்லை! இந்த நியாயத்தை எந்தச் சாஸ்திரத்தில் எழுதி வைத்தார்களோ தெரியவில்லை.

அப்புறம் என்ன ஆச்சு? 1937-இல் மேட்டூரில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். 1950-களிலும் 60-களிலும் கிராமங்களுக்குக் கரண்டு வந்தது, கிணற்றில் மோட்டார் இறங்கியது. கவலை போச்சு. கவலையோடு தோல் வேலையும் போச்சு, அதற்காக வருசா வருசம் களத்துமேட்டில் அளந்த தவசமும் போச்சு. தொழில் போனதே, தீட்டும் கூடவே போயிருக்க வேண்டும் அல்லவா? அது மட்டும் போகவில்லை. பிறகு விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்று சர்க்கார் அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் யாருக்கு இலவசம்? கிணறு உள்ளவனுக்கு. கிணற்றுக்கு நிலம் வேண்டும், நிலத்துக்குப் பட்டா வேண்டும். 1790-களில் பட்டா எழுதினபோது யார் பேரை விட்டார்களோ, இரு நூறு வருசம் கழித்து அவர்களுக்கு இலவச மின்சாரமும் வரவில்லை. ஒரு காகிதத்தின் ஆயுசு எவ்வளவு என்று பாருங்கள். இப்போது திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து ஆயிரம் அடி போடுகிறது. மேல் மட்டத்துத் தண்ணீர் வற்றி, சேரிக் கிணறுதான் முதலில் காய்கிறது.

பஞ்ச காலத்தையும் மறக்கக்கூடாது. 1876–78 தாது வருசப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா மோசமாக அடிபட்டது. 1871 கணக்கெடுப்பில் ஜில்லாவின் மக்கள் தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881 கணக்கெடுப்பில் சுமார் 16 லட்சம். பத்து வருசத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேலே காணோம். செத்தவர்கள் பாதி, ஊரை விட்டு ஓடினவர்கள் பாதி என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். யார் முதலில் செத்திருப்பார்கள்? குதிர் இல்லாதவன். யார் முதலில் ஓடியிருப்பார்கள்? விட்டுப்போக நிலம் இல்லாதவன். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கும், கங்காணி பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் இந்த ஜில்லாவிலிருந்து போன சனம் கொஞ்சமல்ல. மலையகத் தமிழர் வரலாற்றைப் படிக்கிறபோது அது யாரோ வேற்று நாட்டார் கதை என்று படிக்காதீர்கள்.

பஞ்சம் கழிந்து 1891-இல் செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டராக இருந்த திரமென்கீர், பறையர் மக்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, அதனால்தான் அடிமையாகக் கிடக்கிறார்கள் என்பது அந்த அறிக்கையின் சாரம். அதன் பேரில் 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி அரசாணை வந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு நிலம் ஒப்படை. அதைத்தான் பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் சொல்கிறோம். குறிப்பிட்ட காலம் வரை யாருக்கும் விற்கக்கூடாது. பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டவருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அந்த விற்பனை செல்லாது. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லும் கணக்கு. இன்றைக்கு அதில் எவ்வளவு நம்ம கையில் இருக்கு? 1994 அக்டோபரில் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிரைக் கொடுத்தார்கள். அதுக்கப்புறம்தான் பஞ்சமி என்ற சொல்லே பலருக்குத் தெரிந்தது. ராசிபுரம் வட்டத்தில் டி.சி. நிலம் எந்தெந்த சர்வே நம்பர், இப்போது யார் அனுபவம் என்று இந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்கச் சொல்லவில்லை, யோசிக்கச் சொல்கிறேன்.

நிலம் இல்லாதவன் எங்கே போவான்? தறிக்குப் போவான், ஆலைக்குப் போவான். வெண்ணந்தூர் தறி ஊர். கைத்தறிச் சத்தம் போய் விசைத்தறிச் சத்தம் வந்தாச்சு. மரவள்ளிக் கிழங்கு ராசிபுரம், ஆத்தூர் வட்டாரங்களின் பணப்பயிர் ஆகி, ஜவ்வரிசி ஆலைகள் வந்தன. 1943 வாக்கில் சேலத்தில் ஆரம்பித்த தொழில். 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. ஆலையில் கிழங்குத் தோல் உரிப்பது யார்? பெண்கள். தறிக்கூடத்தில் தார் சுற்றுவது யார்? பெண்கள். பண்ணையாள் என்ற பேர் போச்சு, முன்பணம் என்ற பேர் வந்தது. கல்யாணத்துக்கு, வைத்தியத்துக்கு என்று வாங்கின முன்பணத்துக்காக அதே தறியில் வருசக்கணக்கில் கட்டுண்டு கிடக்கிறவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. 2025-இல் பள்ளிபாளையம் பக்கம் கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளிகளிடம் சிறுநீரகத்தை விலைபேசி வாங்கின செய்தி வந்ததே, படித்தீர்களா? விற்க நிலம் இல்லாதவன் உடம்பை விற்கிறான். நிலச் சீர்திருத்தம் நடக்காத ஊரில் தொழில் வளர்ச்சி என்பது இப்படித்தான் வந்து முடியும்.

ஆற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருமணிமுத்தாறு என்று எவ்வளவு அழகான பேர் வைத்திருக்கிறார்கள்! சேலம் நகரத்தின் சாக்கடை, சாயப்பட்டறைக் கழிவு எல்லாம் அதில் கலந்து, கறுப்பாக நுரை தள்ளிக்கொண்டு கீழே வருகிறது. மேல்நாட்டில் இருப்பவன் கழிவைக் கீழ்நாட்டுக்காரன் தலையில் இறக்குகிறான். ஆற்றங்கரை விவசாயிகள் இன்றைக்குக் கொதித்துப் பேசுகிறார்கள், நியாயமான கோபம், நாமும் கூட நிற்போம். ஆனால் நின்றுகொண்டே ஒன்று கேட்போம். அய்யா, ஊர்ச் சாக்கடை எந்தப் பக்கம் போய் விழுகிறது? பேரூராட்சிக் குப்பையை எந்தப் பக்கம் கொட்டுகிறார்கள்? அதை அள்ளுகிறவர்கள் எந்தத் தெரு? ஊர்கள் பலவற்றில் பள்ளத்தில் இருப்பது சேரி. சேலத்துக்காரன் உங்களுக்குச் செய்வதைத்தான் நீங்கள் எங்களுக்குக் காலங்காலமாகச் செய்கிறீர்கள். இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. ஆற்றைச் சுத்தம் செய்கிற இயக்கம் சேரிச் சாக்கடையிலிருந்து ஆரம்பித்தால்தான் முழுசாகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பள்ளத்தைச் சொன்னேன், மேட்டையும் சொல்கிறேன். நம் ஒன்றியத்துக்குள்ளேயே போதமலை இருக்கிறது. கீழூர், மேலூர், கெடமலை என்ற மலைக்கிராமங்கள். அங்கே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுப் பெட்டியையும் பின்னால் வந்த மின்னணு எந்திரத்தையும் தலையில் சுமந்துகொண்டு அதிகாரிகள் மலையேறுகிற படம் பத்திரிகையில் வரும், ஜனநாயகத்தின் வெற்றி என்று தலைப்புப் போடுவார்கள். நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கின சனத்தைப் பற்றி அதே அளவுக்குத் தலைப்புப் போட்டார்களா? சுதந்திரம் வந்து 75 வருசம் தாண்டித்தான் அந்த மலைக்குச் சாலை போடப் பணம் ஒதுக்கினார்கள். கீழே சேரி, மேலே மலை. இரண்டு ஓரத்திலும் இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளாமல் இருப்பது யாருக்கு வசதி என்று யோசியுங்கள்.

இந்தச் சமவெளியில் சீர்திருத்தம் பேசினவர்கள் இல்லையா? இருந்தார்கள். 1925-இல் ராஜாஜி திருச்செங்கோட்டுக்குப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர் நூற்பு, மதுவிலக்கு, தீண்டாமை விலக்கு. ஆசிரமத்தில் தாழ்த்தப்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டதற்காக ஊர்க்காரர்கள் அதைப் புறக்கணிக்கவும் செய்தார்கள். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி நாட்டுக்கே முன்மாதிரி என்று மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில்தான். இதையெல்லாம் மறுக்கவில்லை. 1944-இல் சேலத்து மாநாட்டில்தான் பெரியார் நீதிக்கட்சியைத் திராவிடர் கழகமாக மாற்றினார், அதையும் மறக்கவில்லை. ஆனால் ராட்டை கொடுத்தவர்கள் நிலம் கொடுக்கவில்லை. சாமியைக் கேள்வி கேட்டவர்களில் பலர் பட்டாவைக் கேள்வி கேட்கவில்லை. கிராமம்தான் இந்தியாவின் ஆன்மா என்று அரசியல் நிர்ணய சபையில் பேசினபோது, 1948 நவம்பரில் எழுந்து கிராமம் என்பது அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம் என்று கருத்துச் சொன்னவர் பாபாசாகேப் அம்பேத்கர். அவருக்குக் கிராமத்தின் புவியியல் தெரியும். பள்ளிக்கூடத்தில் எந்த மூலையில் கோணி விரித்து உட்கார வைத்தார்கள் என்பது தெரிந்தவர் அவர்.

எல்லை என்றால் நிலத்தில் மட்டும் இல்லை. 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போன பொறியியல் படித்த தலித் இளைஞர் கோகுல்ராஜ், கூட ஒரு பெண் இருந்தார் என்பதற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022-இல் ஆயுள் தண்டனை, 2023-இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. சாட்சிகள் பிறழ்ந்த அந்த வழக்கைக் கடைசிவரை விடாமல் நடத்தினார்கள் என்பதால்தான் தண்டனை வந்தது. ஊர்–சேரி எல்லையை ஊர்க்காரர்கள் கடைசியில் காவல் காப்பது சர்வே கல்லை வைத்து அல்ல, தங்கள் வீட்டுப் பெண்களை வைத்து. தங்கச்சிகளே, இந்த எல்லையைப் பற்றிப் பேச ஆண்களைவிட உங்களுக்கு அதிக உரிமை இருக்கிறது.

சரி, அதிகாரம் நம்ம கைக்கு வந்தால் எல்லை மாறுமா? ராசிபுரம் சட்டமன்றத் தொகுதி 2011 தேர்தலிலிருந்து தனித்தொகுதி. அந்த வருசம் இங்கிருந்து ஜெயித்த தனபால் 2012-இல் சபாநாயகர் ஆனார். அருந்ததியர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். 2021-இல் ஜெயித்த மதிவேந்தன் அமைச்சர் ஆனார், 2024-இல் ஆதிதிராவிடர் நலத்துறையே அவரிடம் வந்தது. 2009-இல் அருந்ததியர் உள்ஒதுக்கீடு 3 சதவீதம் சட்டமாயிற்று. 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி உச்சநீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. இவை நாம் போராடிப் பெற்றவை, கேலி செய்யக்கூடாது. ஆனால் தனித்தொகுதியில் நிற்பவர் நம்மவர், ஜெயிக்க வைப்பது ஊர் ஓட்டு. 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் அஞ்சில் ஒருவர்தான் பட்டியல் சாதியினர். ஊரைப் பகைத்துக்கொண்டு நில ஒப்படையைக் கேட்கிற எம்.எல்.ஏ. மறுபடி ஜெயிப்பாரா? தனி வாக்காளர் தொகுதியைப் பூனாவில் 1932-இல் பறிகொடுத்ததன் விலையை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் வேறொரு எல்லையோர ஊரைச் சொல்கிறேன். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் தெற்கே, மெக்சிகோ எல்லைக்குக் கிட்டே கிரிஸ்டல் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். நமக்கு மரவள்ளி மாதிரி அவர்களுக்குப் பசலைக்கீரை. கீரை வயலும் டப்பாவில் அடைக்கிற ஆலையும்தான் பிழைப்பு. டெக்சாஸ் ஒருகாலத்தில் மெக்சிகோவைச் சேர்ந்தது. 1848 உடன்படிக்கையில் ரியோ கிராண்டே ஆறு எல்லை என்று எழுதினார்கள். மெக்சிகோக்காரர்கள் பலர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், எல்லைதான் அவர்களைத் தாண்டிப் போயிற்று. கிரிஸ்டல் சிட்டியில் பெரும்பான்மை மெக்சிகோ வம்சாவளி உழைப்பாளிகள், ஆண்டது வெள்ளைச் சிறுபான்மை. 1963-இல் நகரசபையின் ஐந்து இடங்களையும் மெக்சிகோ வம்சாவளியினர் பிடித்தார்கள். அடுத்த தேர்தலிலேயே இழந்தார்கள். 1969 டிசம்பரில் பள்ளி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். உடனடிக் காரணம் ரொம்பச் சின்னது. பந்தயத்தில் பள்ளி அணிக்கு உற்சாகக் குரல் கொடுக்கும் பெண்கள் குழுவில் மெக்சிகோப் பெண்களுக்கு ஒரே ஓர் இடம் என்று வைத்திருந்தார்கள். அந்தச் சின்ன அநீதியைப் பிடித்துக்கொண்டு, தங்கள் மொழி, தங்கள் வரலாறு, தங்கள் ஆசிரியர்கள் என்று கோரிக்கை வளர்ந்தது. 1970-இல் லா ராசா உனிடா என்ற தங்கள் சொந்தக் கட்சியை வைத்துப் பள்ளி நிர்வாகக் குழுவையே பிடித்தார்கள். நாம் அவர்களை மாதிரி பெரும்பான்மை இல்லை, அந்த வித்தியாசத்தை மறக்கக்கூடாது. ஆனால் அங்கே ஆரம்பித்து வைத்தவர்கள் உங்க வயசு மாணவர்கள். 1963-இல் கிடைத்த நாற்காலி நிற்கவில்லை. தெருவில் அமைப்பு கட்டின பிறகு வந்தது கொஞ்ச காலமாவது நின்றது.

2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல்லை நீக்கப் போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். காலனி என்ற சொல்லைக் கேட்டதும் பஸ் கண்டக்டர் நம் முகத்தைப் பார்ப்பானே, அந்தப் பார்வை தெரிந்தவர்கள் வரவேற்காமல் இருக்க முடியாது. ஆனால் பலகையை மாற்றினால் தெரு நகராது. அதே இடத்தில், அதே பள்ளத்தில், அதே ஒன்றரை செண்டில் இருந்துகொண்டு வேறு பேரில் இருப்போம்.

அப்ப என்ன செய்யலாம்? இங்கே இருக்கிற மாணவர்கள் இந்த வருசத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை சொல்கிறேன்.

ஒன்று, உங்கள் ஊரின் வரைபடத்தை நீங்களே போடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரைச் சுற்றி நடந்து வாருங்கள். ஏரி எங்கே, மதகு எங்கே, கோயில் எங்கே, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டி, குப்பைமேடு, ஊர்ச் சுடுகாடு, நம் சுடுகாடு, அதுக்குப் போகிற பாதை யார் நிலத்தில் போகிறது, எல்லாத்தையும் குறியுங்கள். குழாயில் தண்ணீர் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்பதையும் எழுதுங்கள்.

இரண்டு, கிராம நிர்வாக அலுவலகத்தில் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். நிபந்தனை ஒப்படை எந்தெந்த சர்வே நம்பரில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காட்டமாட்டேன் என்றால் சண்டை போடாதீர்கள். 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். பழைய பதிவுக்கும் இப்போதைய பட்டாவுக்கும் எங்கே வித்தியாசம் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

மூன்று, பெரியவங்களிடம் உட்காருங்கள். கவலை ஓட்டினதை நினைவில் வைத்திருப்பவர்கள் கொஞ்ச நாளில் இருக்க மாட்டார்கள். தோல் பதப்படுத்தினது எந்தக் குழியில், கூலி எத்தனை படி, எந்தக் கிணற்றில் இறங்கவிட்டார்கள், எதில் விடவில்லை, எந்தக் காடு தாத்தா பேரில் இருந்ததாகச் சொல்கிறார்கள், எல்லாத்தையும் போனில் பதிவு செய்யுங்கள். குறிப்பாக ஆயாக்களிடம். ஆண்கள் சண்டையைச் சொல்வார்கள், ஆயாக்கள் கணக்கைச் சொல்வார்கள். 1883-இல் லெ ஃபானு சேலம் ஜில்லாவுக்கு ஒரு கையேடு எழுதினார், 1918-இல் ரிச்சர்ட்ஸ் கெசட்டியர் எழுதினார். இரண்டும் ஆள வந்தவர்கள் எழுதினவை. அதையும் தேடிப் படியுங்கள், ஆயா சொன்னதை அதற்குப் பக்கத்தில் வையுங்கள்.

நான்கு, இதையெல்லாம் வைத்துக்கொண்டு மூன்று மனு தயார் செய்யுங்கள். சுடுகாட்டுப் பாதைக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, ஒப்படை நிலத்துக்கு ஒன்று. போதமலைத் தோழர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள், தறிக்கூடத்தில் நிற்கும் எந்தச் சாதி உழைப்பாளி வந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனுவை எழுதுகிறவர் பேரில் மட்டும் போடாதீர்கள், தெரு முழுக்கக் கையெழுத்து வாங்குங்கள். ஒருத்தர் பேரில் போனால் மிரட்டுவது சுலபம்.

இரு நூறு வருசத்துக்கு முன்னால் ஒருவர் சங்கிலியோடு வந்து நம்ம ஊரை அளந்தபோது, சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்திருப்பவன் நம்ம ஆளாகத்தான் இருப்பான். அளந்தவன் எழுதினது பதிவேடு ஆயிற்று, பிடித்தவன் பேர் ஏறவில்லை. இப்போது நீங்கள் படித்திருக்கிறீர்கள், எழுதத் தெரியும். வரைபடத்தை முடித்ததும் ஒரு பிரதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள், அடுத்தடுத்த இதழ்களில் ஊர் ஊராக வெளியிடலாம் என்று ஆசிரியர் குழுத் தோழர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ஜெய்பீம்.